சூரியனுக்கு இரண்டு படம்

எந்தப் படத்தைக் கையில் கொடுத்தாலும் அவர் அதை முதலில் தலைகீழாகத் திருப்பித்தான் பார்ப்பார். அடையாள அட்டைப் படமாக இருந்தாலும் சரி, வெளிநாட்டில் பிறந்த பேரப்பிள்ளையின் படமாக இருந்தாலும் சரி, இந்த வழக்கத்திலிருந்து அவர் மாறியதில்லை. திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய எங்கள் ஒழுங்கையில், அந்தச் சிறு தெருவில், இதனால் மனம் நொந்தவர்கள் பலர். ஒருமுறை, தம் மகளின் கலியாண அல்பத்தைக் காட்ட வந்த அயல்வீட்டு அம்மா, மாப்பிள்ளையின் கால்கள் மேலேயும் தலைப்பாகை கீழேயுமாக அவர் நெடுநேரம் உற்றுப் பார்ப்பதைக் கண்டு பொறுக்கமாட்டாமல், "என்ன மிஸ், மாப்பிள்ளையில ஏதும் வருத்தம், நோய் தெரியுதோ?" என்று கேட்டேவிட்டார்.

"சீச்சீ, அவர் நல்லா இருக்கிறார். ஆனா இந்த இடப்பக்கத்தில ஒரு கீறல் கிடக்கு. அது படம் எடுத்தவற்ற கமராவில உள்ள கீறல். மற்றப் படங்களிலயும் இதே இடத்தில கிடக்கும், பாருங்கோ."

அல்பத்தைப் புரட்டினார்கள். தாலி கட்டும்போதும், அறுகரிசி இடும்போதும், மணமக்கள் கேக் வெட்டும்போதும் அதே இடத்தில் அதே கீறல் கிடந்தது. அந்த அம்மா அதன்பின் இரண்டு மாதம் அவரோடு கதைக்கவில்லை.

ஊரில் எல்லோரும் அவரை எக்ஸ்றே மிஸ் என்றே அழைத்தார்கள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்றே எடுத்தே தலை நரைத்து ஓய்வு பெற்றவர். அவருடைய பெயரை நான் இங்கு எழுதவில்லை. இக்கட்டுரையை எழுதப் போவதாகத் தொலைபேசியில் தெரிவித்தபோது, "எழுதுங்கோ சேர், பேரைப் போடாதேங்கோ. பேரைப் போட்டால் சொந்தக்காரர் வந்து ஏன் எங்களைப் பற்றி ஒண்டும் இல்லை எண்டு கேட்பினம்" என்றார். அவருடைய வேண்டுகோளை மதிக்கிறேன்.

நான் இந்நகரின் கல்லூரியொன்றில் பௌதிகவியல் கற்பித்து, உப அதிபராக ஓய்வு பெற்றவன். எதையும் எழுதுமுன் ஆராய்ந்து எழுதும் பழக்கம் உடையவன். இங்கே நான் சொல்லப்போவதில் எனக்குப் பெருமை தராத செய்திகளும் உண்டு. அவற்றை விலக்கிவிட்டு அவரைப் பற்றி எழுத முடியுமா என்று பலமுறை முயன்று பார்த்தேன். முடியவில்லை.

அவரை நான் முதலில் சந்தித்தது ஆஸ்பத்திரியில். என் மனைவிக்கு விடாத இருமல் இருந்தது. நெஞ்சுப் படம் எடுத்துவரும்படி வைத்தியர் எழுதிக் கொடுத்தார். படம் கழுவி வந்ததும் இந்த அம்மையார் அதை வெளிச்சப் பெட்டியில் செருகினார். பிறகு உருவித் தலைகீழாகச் செருகினார். வலது நுரையீரலின் உச்சியில் ஒரு வெண்ணிழல் படிந்திருப்பது எனக்கே தெரிந்தது. அது காசநோயாக இருக்கக்கூடும் என்பதும் தெரிந்தது.

அவரோ என் மனைவியை ஏற இறங்கப் பார்த்தார். "அம்மா, அந்தப் பின்னலைத் தூக்கி உச்சியில கொண்டையாக் கட்டுங்கோ. இன்னொருக்கா எடுப்பம்."

"ஒரு படம் எடுத்தாச்சுத்தானே? டொக்டர் அங்க காத்துக்கொண்டிருக்கிறார்" என்றேன்.

"டொக்டர் காத்திருப்பார் சேர்."

"நான் கல்லூரி உப அதிபர். எனக்குப் பின்னேரம் கூட்டம் இருக்கு."

"உப அதிபற்ற மனிசி எண்டாலும் பின்னல் பின்னல்தானே" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

இரண்டாவது படத்தில் அந்த நிழல் இல்லை. தோளில் கிடந்த தடித்த பின்னல்தான் முதற்படத்தில் நுரையீரலின் மேல் விழுந்திருந்தது. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் செருகி எங்களுக்குக் காட்டினார். அவருடைய முகத்தில் வெற்றிக்களிப்பு எதுவும் இல்லை. கறிக்கு உப்புப் பார்த்தவரின் முகம்போல இருந்தது. ஒரு மருந்துப் போத்தலோடு இருமல் போய்விட்டது. நான் அவருக்கு நன்றி சொல்லாமலே வீடு திரும்பினேன். கூட்டத்துக்கு நேரம் போய்விட்டது என்பதுதான் அன்றைக்கு என் மனத்தை நிறைத்திருந்த குறை.

சூரியன் அவருடைய வாழ்க்கையில் வந்தது ஓய்வுக்குப் பிறகு. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதியில் வளையக் கிரகணம் தெரிந்ததல்லவா? அதற்கு முதல்நாள் ஒழுங்கையில் பாதிப்பேர் அவருடைய வீட்டு வாசலில் நின்றார்கள். பழைய எக்ஸ்றே படத்தைக் கண்ணுக்குப் பிடித்துக்கொண்டு சூரியனைப் பார்க்கலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். எக்ஸ்றே மிஸ்ஸின் அலுமாரியில் படங்கள் கட்டுக் கட்டாக இருக்கும் என்பது அவர்களுடைய கணிப்பு.

"ஒண்டும் தர ஏலாது" என்றார் அவர். "அதுக்குள்ளால வெளிச்சம் குறைஞ்சு தெரியும். ஆனா சூடு குறையாது. கண்ணுக்குள்ள எரியேக்க நோவும் தெரியாது. பிறகு எரிஞ்ச இடம் எரிஞ்சதுதான்."

"பழைய படம்தானே மிஸ், குப்பைக்குத்தானே போகும்?"

"குப்பைக்குப் போகட்டும். உங்கட கண்ணுக்குப் போகவேண்டாம்."

மறுநாட் காலை, கனடாவிலுள்ள மருமகன் எப்போதோ அனுப்பி, பெட்டி பிரிக்காமற் கிடந்த ஒரு சிறிய தொலைநோக்கியை வாசலில் நிறுத்தினார். அதன் பின்புறத்திலிருந்து வந்த ஒளியை வெள்ளை மட்டையொன்றில் விழுத்தினார். ஒருவரும் மேலே பார்க்கவில்லை. எல்லோரும் குனிந்து மட்டையைப் பார்த்தோம். அதில் ஒரு நெருப்பு வளையம் மெல்ல மெல்ல மூடியது. நானும் அங்கே நின்றேன். கூட்டத்தோடு நிற்பது என் வழக்கமன்று. அன்று நின்றேன்.

அடுத்த மாதமே அவர் சூரியனைப் படம் எடுக்கத் தொடங்கிவிட்டார். தொலைநோக்கியின் முகத்தில் கட்டுவதற்கு, வெள்ளித் தாள்போன்ற வடிதாளைக் கொழும்பிலிருந்து வரவழைத்தார். அது சூரிய ஒளியில் நூறாயிரத்தில் ஒரு பங்கைத்தான் உள்ளே விடும். சிறிய கமராவொன்றை வாங்கினார். கமராவைத் தொலைநோக்கியோடு பொருத்தும் வளையத்தை மட்டும் கடையில் வாங்க முடியவில்லை. கிண்ணியாவில் லேத் பட்டறை வைத்திருந்த ஒருவரிடம் போனார். அவரை இவர் காக்கா, அதாவது அண்ணன், என்று அழைப்பார். துணைக்கு நானும் பஸ்ஸில் போயிருந்தேன்.

"என்னத்துக்கு மிஸ் இந்த வளையம்?"

"சூரியனைப் படம் எடுக்க, காக்கா."

"அல்லாவே! ஊர்ச் சனம் முடிஞ்சு இப்ப சூரியனுக்கும் எக்ஸ்றேயா?"

"அதுக்கு 'மூச்சைப் பிடி, மூச்சை விடு' எண்டு சொல்லத் தேவையில்லை. அது ஒரு வசதி."

வளையம் மயிரிழை அளவுக்குத் தளர்வாக இருந்தது. திருப்பிக் கொடுத்தார். அடுத்தது இறுக்கம். அதையும் திருப்பிக் கொடுத்தார். மூன்றாவதைக் கொடுக்கும்போது காக்கா இரு கைகளையும் கூப்பினார். "என்ட கலியாண மோதிரத்துக்கும் ஒருத்தரும் இப்பிடி அளவு பார்க்கல்ல மிஸ்." அந்த மூன்றாவது வளையம் பொருந்தியது. அதில் கமரா வழுக்காமலும் சிக்காமலும் சுழன்றது.

அது சுழலவேண்டும் என்பதில் அவர் ஏன் அவ்வளவு பிடிவாதமாக இருந்தார் என்பதைப் பிற்பாடு அவருடைய மேல்மாடத்தில் அறிந்துகொண்டேன். காலை எட்டு மணிக்கு, சீமெந்துத் தளம் சூடேறிக் காற்று அலையத் தொடங்குமுன், அவர் மேலே ஏறிவிடுவார். முதலில் வடிதாளை ஒரு மின்குமிழுக்கு எதிரே பிடித்து ஊசித்துளை ஏதும் உண்டா என்று பார்ப்பார். நேற்றுப் பார்த்தது இன்றைக்குச் செல்லாது. துறைமுகத்து உப்புக்காற்று படிந்த குழாயை ஈரத்துணியால் துடைப்பார். கீழே முற்றத்தில் செம்பருத்தியைக் கடிக்க வந்த, இந்நகரின் தெருக்களில் திரியும் மான்களை ஓர் அதட்டல் போட்டு விரட்டுவார். பிறகு ஒரு படம் எடுப்பார். அதன்பின் கமராவைக் கால்வட்டம் திருப்பி இன்னொரு படம் எடுப்பார். இரண்டையும் மடிக்கணினியில் அருகருகே வைத்து ஒப்பிடுவார். சூரியனில் உள்ள புள்ளி சூரியனோடு திரும்பும். கமராவில் உள்ள தூசி, படத்தில் இருந்த இடத்திலேயே இருக்கும். அவ்வளவுதான் பரீட்சை. அதை ஒருநாளும் அவர் தவறவிட்டதில்லை.

எனக்குத் தெரிந்ததை நானும் அவருக்குச் சொன்னேன். புள்ளியின் கரிய நடுப்பகுதிக்குக் கருநிழல் என்றும், அதைச் சுற்றி இழை இழையாக வெளிறித் தெரியும் கரைக்கு அரைநிழல் என்றும் பெயர் சொல்லிக் கொடுத்தேன். புள்ளிகள் சூரியனின் தரையைவிடக் குளிர்ந்த இடங்கள், அதனாலேயே கறுத்துத் தெரிகின்றன என்பதையும் விளக்கினேன். அவர் கவனமாகக் கேட்டுக் கொப்பியில் எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும், "குளிர் எண்டால் எவ்வளவு சேர்?" என்றார். இரும்பும் அங்கே ஆவியாகிவிடும் என்றேன். "அப்ப அது அவையின்ர குளிர்" என்றார்.

அவருடைய இந்தக் குணத்தால் சில வேளைகளில் எனக்கு எரிச்சலும் வந்ததுண்டு. எந்த மகிழ்ச்சியையும் அவர் இரண்டாவது படம் வரும்வரை தள்ளி வைத்துவிடுவார். ஆனால் பயத்தையும் அப்படியே தள்ளி வைப்பார். ஒரு வைகாசியில் சூரியனில் மிகப் பெரிய புள்ளிக் கூட்டமொன்று தோன்றி, சூரியப் புயல் வருகிறது என்று தொலைக்காட்சிகள் அலறின. நிலாவெளியில் கரைவலை இழுக்கும் சம்மாட்டி ஒருவர் அதைக் கேட்டுவிட்டு நேரே இவரிடம் வந்தார். அவருடைய மகள் எங்கள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ், சூரியன் வெடிக்கப் போகுதாம். வலை வளைக்கிறதோ, விடுறதோ?"

அவரை மாடத்துக்கு அழைத்துப் போய் இரண்டு படங்களையும் காட்டினார். "இது மெய்யான புள்ளிதான் அண்ணை. எங்கட பூமியைப்போல பத்தைப் பதினைஞ்சைப் பக்கத்தில பக்கத்தில அடுக்கலாம். இதால ரேடியோ கொஞ்சம் குழம்பலாம். வலை குழம்பாது. நீங்கள் காத்தைப் பாத்து வளையுங்கோ."

சம்மாட்டி அன்று வலை வளைத்தார். இரண்டு நாள் கழித்துப் பாரைமீன் ஒன்று இவர் வீட்டுக் குசினிக்கு வந்து சேர்ந்தது.

இனி எனக்குப் பெருமை தராத பகுதிக்கு வருகிறேன்.

கடந்த ஆண்டுக்கு முந்திய ஆண்டின் மாசி மாதம், ஈச்சிலம்பற்றிலுள்ள அவருடைய தங்கையின் வீட்டில் வயல் வெட்டு, நெல் அறுவடை. தங்கையின் கணவர் நோயில் விழுந்திருந்தார். மேற்பார்வைக்கு ஆள் இல்லாததால் இவர் ஒன்பது நாள் போகவேண்டியதாயிற்று. கிரகணத்துக்குப் பின் நாள் தவறாமல் எடுத்துவந்த படங்களை யார் எடுப்பது? மாடத்துக் கதவின் திறப்புச் சாவியை என் கையில் தந்தார். கூடவே ஒரு தாளும் தந்தார். ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டும் அறிவித்தல்போல அதில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: "வடிதாளைத் தினமும் குமிழில் பார்க்கவும். கமராவைக் கழற்ற வேண்டாம். இரண்டு படம் எடுக்கவும்."

ஒரு தலைமுறைக்கு ஒளியியல் கற்பித்தவனுக்கு இந்த மூன்று வரிகள் உவப்பாக இருக்கவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். வடிதாளை ஒழுங்காகப் பார்த்தேன். அது கண்ணைப் பற்றிய விடயம். படம் மட்டும் நாளுக்கு ஒன்று போதும் என்று முடிவு செய்தேன். மூன்றாம் நாள் படம் மங்கலாகத் தெரிந்தது. கமராவைக் கழற்றி, அதன் முகக்கண்ணாடியைச் சால்வை நுனியால் துடைத்து மீண்டும் பூட்டினேன்.

நான்காம் நாட் படத்தில், ஏற்கெனவே இருந்த மூன்று புள்ளிகளோடு புதிதாக ஒன்று தெரிந்தது. வட்டமான, கரிய, தனித்த புள்ளி. முந்திய நாட் படத்தில் அது இல்லை. ஓர் இரவுக்குள் பிறந்த புள்ளி! அதை உலகில் முதலிற் கண்டவர்களில் ஒருவனாக நான் இருக்கக்கூடும் என்ற எண்ணம் வந்தபோது என் வயது எனக்கு மறந்துபோனது. உடனே கல்லூரி அதிபருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் என்னிடம் படித்தவர். அடுத்த கிழமை கல்லூரியில் விஞ்ஞானக் கண்காட்சி இருந்தது. "சேர், நீங்கள்தான் திறந்துவைச்சுப் பேசவேணும். பனர் அடிக்கிறம்" என்றார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

அதன்பின் நான்கு நாட்கள் மழை. சூரியனைக் காணவில்லை. கல்லூரி வாசலில் பதாகை மட்டும் ஏறியது. பன்னிரண்டடி நீளம். ஒருபக்கம் என் முகம், மறுபக்கம் அந்தப் புள்ளி. நடுவில், "திருமலை வானில் புதிய சூரியப் புள்ளி கண்ட எம் பேராசான்."

கண்காட்சிக்கு முதல்நாட் காலை அவர் பஸ்ஸில் வந்து இறங்கினார். உடையில் வைக்கோல் தூசு போகவில்லை. வானமும் அன்றுதான் வெளித்திருந்தது. முதலில் என் படத்தை மடிக்கணினியில் திறந்து, வழக்கம்போலத் தலைகீழாகத் திருப்பினார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கருநிழல் இருக்கு சேர். இதுக்கு அரைநிழல் எங்க?"

"எல்லாப் புள்ளிக்கும் அரைநிழல் இருக்கவேணும் எண்டு கட்டாயமில்லை" என்றேன். அது உண்மையும்கூட. ஆனால் உண்மையை நான் அப்போது கேடயமாகத்தான் பிடித்திருந்தேன்.

"ஓம், சிலதுக்கு இல்லைத்தான். இரண்டாவது படம்?"

"எடுக்கேல்லை."

"கமராவைக் கழட்டினீங்களோ?"

"இல்லை" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை என்னால் முறையாக விளக்க முடியவில்லை. அந்தப் பன்னிரண்டடிப் பதாகை என் வாயிலிருந்து பேசியது என்றுதான் சொல்லவேண்டும். அவர் ஒரு படம் எடுத்தார். என்னைப் பார்த்து, "திருப்புங்கோ சேர்" என்றார். நானே என் கையால் கமராவைக் கால்வட்டம் திருப்பினேன். அவர் மற்றப் படத்தை எடுத்தார்.

இரண்டாவது படத்தில் சூரியன் திரும்பியிருந்தது. ஐந்து நாட்களில் மேற்கு விளிம்பை நோக்கி நகர்ந்துவிட்ட மூன்று பழைய புள்ளிகளும் அதனோடு சேர்ந்து திரும்பியிருந்தன. என்னுடைய புள்ளி மட்டும் இரண்டு படங்களிலும் ஒரே மூலையில், அசையாமல், நிம்மதியாக உட்கார்ந்திருந்தது.

துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது. அவர் கமராவைக் கழற்றி வெளிச்சத்துக்குப் பிடித்தார். சால்வை நூலின் துணுக்கு ஒன்று அதில் சுருண்டு ஒட்டியிருந்தது. என் தோளில் கிடந்த சால்வையை அவர் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு அவர் எடுத்துக்கொண்ட கவனம் எனக்குத் தெரிந்தது.

"கமரா என்ர. தூசியும் என்ர" என்றார். "நாளைக்கு நான் எழும்பிச் சொல்லிவிடுறன், நான்தான் வடிவாத் துடைக்காமல் போனனான் எண்டு. உங்கட பேருக்கு ஒண்டும் வராது."

நான் தலையசைத்தேன். ஆம், தலையசைத்தேன்.

மறுநாட் காலை, மேற்சட்டையை நீட்டியபடி என் மனைவி கேட்டார்: "என்ன இஞ்சாருங்கோ, திறப்பு விழாவுக்குப் போற முகமா இது?"

நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன். அவர் சட்டையைத் தரவில்லை.

"அப்ப அந்த மனிசி உங்கட பிழையைத் தன்ர தலையில போடப் போகுது. நீங்கள் மேடையில மாலையோட இருந்து பாக்கப் போறீங்கள்."

"அவவாத்தான் சொன்னவ. நான் கேட்கேல்லை."

"என்ர நெஞ்சில நோய் இல்லை எண்டு சொன்னதும் அவவாத்தான். அதுக்கும் நீங்கள் ஒரு நன்றி சொல்லேல்லை." சட்டையைக் கதிரையில் போட்டுவிட்டுக் குசினிக்குப் போய்விட்டார்.

மண்டபம் நிறைந்திருந்தது. மாணவிகள், பெற்றோர், என் பழைய மாணவர்கள், ஓய்வு பெற்ற சக ஆசிரியர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். வாசலில் கட்டிய பதாகையை மேடைக்குப் பின்னால் மாற்றியிருந்தார்கள். கடைசி வரிசையில் அவர் இருந்தார். மடியில் தொலைநோக்கிப் பெட்டி. என்னைப் பேச அழைத்ததும் அவர் எழும்ப ஆயத்தமாகப் பெட்டியைக் கீழே வைத்தார். அந்தப் பெட்டி நிலத்தைத் தொடுமுன் நான் பேசத் தொடங்கிவிட்டேன்.

"இப்பதாகையிலுள்ள செய்தி பிழையானது. அது சூரியப் புள்ளி அன்று. கமராவில் ஒட்டிய தூசி. கமராவைக் கழற்ற வேண்டாம் என்றும் இரண்டு படம் எடுக்கும்படியும் எனக்கு எழுத்தில் தரப்பட்டிருந்தது. நான் கழற்றினேன். ஒரு படமே எடுத்தேன். கழற்றவில்லை என்று நேற்று இச்சபையிலுள்ள ஒருவரிடம் பொய்யும் சொன்னேன். அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். என் மனைவியின் பொருட்டுப் பல ஆண்டுகளாகச் சொல்லாமல் விட்ட நன்றியையும் அவருக்கு இங்கே சொல்லுகிறேன்."

அதிபர் தம் காலிலிருந்த சப்பாத்தைப் பார்த்தார். பின்வரிசையில் எவரோ சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார். என் பெயர் அந்த மண்டபத்தின் நடுவில் விழுந்து கிடப்பதுபோல இருந்தது. அதைக் குனிந்து எடுக்க எனக்குத் தெரியவில்லை.

அப்போது பெற்றோர் வரிசையிலிருந்து நிலாவெளிச் சம்மாட்டி எழும்பினார். "சேர், ஒரு கேள்வி. இது தூசி எண்டால், மற்ற மூண்டும் தூசியில்லை எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

என் பணிக்காலம் முழுவதும் நான் எதிர்பார்த்துக் காத்திருந்த தரத்தில் ஒரு கேள்வி. அதற்கு விடை என்னிடம் இருந்தது. ஆனால் கடைசி வரிசையில் பெட்டியைத் தூக்கும் ஓசை கேட்டது.

"அண்ணை, வெளியில வாங்கோ. நீங்களே பாருங்கோ" என்றார் அவர்.

மண்டபம் முழுவதும் மைதானத்துக்கு நடந்தது. முக்காலியை நிறுத்தி, வடிதாளை மாட்டி, கமராவை மடிக்கணினியோடு இணைத்தார். பத்து மணி வெயிலில் கணினித் திரையில் ஒன்றும் தெரியவில்லை. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "நிழல் வேணும். பெரிசா ஒரு துணி இல்லையோ?" பிறகு அதிபரிடம் திரும்பி, "அந்த பனர் இனி வேண்டாம்தானே?" என்றார்.

அதிபர் என்னைப் பார்த்தார். நான் பதாகையை அவிழ்த்து வரும்படி சொன்னேன்.

மூன்று மூலைகளைக் கொடிக்கம்பத்திலும் இரண்டு வேப்பமரங்களிலும் கட்டினார்கள். நான்காம் மூலைக்குக் கட்ட ஒன்றும் இல்லை. "சேர், அந்த மூலையைக் கொஞ்சம் இழுத்துப் பிடியுங்கோ. வெயில் விழுது" என்றார். பிடித்தேன். என் முகமும் என் புள்ளியும் அச்சிட்ட அந்தக் கூரையின் கீழ் சனம் குனிந்து நின்றது.

சம்மாட்டி தம் தடித்த விரல்களால் கமராவை மெல்லத் திருப்பினார். திரையைப் பார்த்தார். மீண்டும் திருப்பினார்.

"ஓமோம்! மூண்டும் சுத்துது! எடி பிள்ளை, இஞ்ச வா, மூண்டும் மெய்யடி!"

அதன்பின் வரிசை ஓயவில்லை. மாணவிகள், ஆசிரியர்கள், வாசற்காவலாளி, ஐஸ்பழம் விற்க வந்தவர் என்று ஒவ்வொருவரும் தாமே திருப்பித் தாமே பார்த்தார்கள். எவர் சொல்லையும் எவரும் நம்பவேண்டியிருக்கவில்லை. சூரியனின் தரை கொதித்த கஞ்சியின் மேற்பரப்புப்போலப் பருப்பருவாகத் தெரிவதைக் கண்டு ஒரு மாணவி வாயைப் பொத்திக்கொண்டாள். நான் ஒன்றரை மணி நேரம் அந்த மூலையைப் பிடித்தபடி நின்றேன். கை மாற்ற வந்தவர்களை அனுப்பிவிட்டேன். அவர் ஒருமுறை என் பக்கம் திரும்பி, "கை நோகுதோ சேர்?" என்று மட்டும் கேட்டார். பொய்யைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

கடந்த ஆண்டு தங்கையின் கணவர் காலமானார். எக்ஸ்றே மிஸ் தங்கைக்குத் துணையாக ஈச்சிலம்பற்றுக்கே போய்விட்டார். தொலைநோக்கியும் போய்விட்டது. வயல் வரம்பில் காற்று சுத்தம், உப்பு இல்லை, படம் தெளிவு என்று எழுதுகிறார். நான் இங்கே சற்றுச் சிறியதொன்றை வாங்கியிருக்கிறேன். தினமும் காலையில் இருவரும் இரண்டிரண்டு படங்களைத் தொலைபேசியில் ஒருவருக்கொருவர் அனுப்புகிறோம். நான்கும் ஒத்துப்போனால்தான் அன்றைய புள்ளி எண்ணிக்கை செல்லுபடியாகும். ஒத்துப்போகாத நாட்களில் அவர் என்னோடு வாதாடுவார். மூன்று முறை நான் சரியாக இருந்திருக்கிறேன். "சரி சேர், உங்களுக்குத்தான்" என்று உடனே ஒப்புக்கொள்வார். அவருக்கு அது எவ்வளவு எளிதாக வருகிறது என்பதைக் கண்டு நான் இன்னும் வியக்கிறேன்.

கண்காட்சிக்குப் பின் இந்நகரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது என்றுதான் எண்ணியிருந்தேன். முன்பெல்லாம் நான் வருவதைக் கண்டால் மக்கள் சைக்கிளை விட்டு இறங்கி, மௌனமாக வழிவிட்டு ஒதுங்கி நிற்பார்கள். அதை மரியாதை என்று கொண்டிருந்தேன். இப்போதும் மரியாதை என்றே கொள்கிறேன். ஆனால் இப்போது அவர்கள் ஒதுங்குவதில்லை. மறிக்கிறார்கள்.

இன்று காலை மீன் சந்தைக்கு முன்னால், எனக்கு அறிமுகமே இல்லாத ஓர் ஓட்டோக்காரர் வண்டியை நடுவீதியில் நிறுத்தித் தலையை வெளியே நீட்டினார். பின்னால் ஒரு பஸ் ஒலியெழுப்பிக்கொண்டிருந்தது.

"சேர், இண்டைக்குச் சூரியனில எத்தினை?"

"நாலு" என்றேன். "அஞ்சாவது ஒண்டு இருக்கிறமாதிரி இருக்கு. அதை நாளைக்குத்தான் சொல்லலாம்."

"அப்ப நாளைக்குக் கேக்கிறன்" என்று சொல்லிவிட்டு அவர் வண்டியை எடுத்தார்.